வீட்டுப் பக்கம் கடைசி

பின்வாசலைத் திறந்த பொன்னுத்தங்கம் படிக்கல்லில் ஒரு முயல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். காட்டு முயல். ஆள் வாடை காற்றில் வந்தாலே முள்ளுக்குள் பாய்ந்து மறைகிற பிராணி, விளக்குமாற்றைத் தரையில் தட்டியும் நகரவில்லை. வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி அதன்மேல் எறிந்தாள். ரோமம் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டதே தவிர, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு காதும் விறைத்து நிற்க, எதிரே இருந்த சீமைக்கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு சட்டென்று திரும்பி, இவள் கால் சந்தில் நுழைந்து வீட்டுக்குள் ஓடியது. அடுப்படி, நடுவீடு, முன்வாசல் என்று ஒரே ஓட்டம். நிற்கவில்லை, பதுங்கவில்லை. முன்பக்கம் இறங்கிக் கண்மாய்க் கரையைப் பார்த்துப் போயே போய்விட்டது.

உள்ளேயிருந்து மகள் சொர்ணலட்சுமி என்ன ஓடியது என்று கேட்டாள். பூனை என்று சொல்லிவிட்டாள் பொன்னுத்தங்கம். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியிடம் வேறென்ன சொல்ல?

காட்டை வெட்டச் சொன்னதே அந்தப் பிள்ளைக்காகத்தான். பிரசவத்துக்கு வந்த இடத்தில் சொர்ணத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த மருமகன் சரவணக்குமார் பின்பக்கம் கை கழுவப் போய், துணி துவைக்கிற கல்லில் ஒரு பாம்புச் சட்டை கிடப்பதைப் பார்த்துவிட்டான். திருத்தங்கலில் ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிறவன். காலண்டர் சீசன், அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. இருந்தாலும் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்: இந்தக் காடு போகணும், இல்லையென்றால் பிள்ளையை இங்கே விட்டுவைக்க மாட்டேன் என்று.

காடென்றால் யாரும் நட்ட காடில்லை. கணவன் அய்யாதுரை மிளகாயும் மல்லியும் போட்டுக்கொண்டிருந்த மானாவாரி நிலம். மழை பொய்த்துப் பொய்த்து அவர் கைவிட்டதும் கருவேலம் ஏறிக்கொண்டது. வீட்டுப் பின்வாசலில் தொடங்கி வெம்பக்கோட்டை ரோடு வரைக்கும், ஆடு நுழைய முடியாத அடர்த்தி. அய்யாதுரை செத்தபிறகு அது இன்னும் இறுகியது.

வெட்டுக்கு வந்தவன் கருப்பணன். கரிமூட்டம் போட்டே வயதானவன். புகை குடித்துக் குடித்துக் கண் இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும், முழங்கை வரைக்கும் ஒரு முடி கிடையாது. பின்வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, வெட்டு முடிகிற வரைக்கும் நிலத்துக்காரவுகளுக்குப் பாடுதான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். முள் சிதறும், வெறுங்காலோடு வரக்கூடாது. லாரி வந்து போய்ப் பாதை கெடும். தார்ப்பாய் கட்டித் தங்குகிற சனங்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கும். சோற்றில்கூடப் புகை நாறும். மரத்தை அடுக்கித் தழை போட்டு ஈரமண் பூசித் தீ வைத்துவிட்டால், காற்றில்லாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் புழுங்கிக் கரியாகும். அப்போது ஒரு சத்தம் வரும்.

"பச்ச வெறகுல தண்ணி இருக்கும்ல தாயீ. வெளிய வர வழியில்லாம அது கத்தும். கைப்புள்ள அழுத மாதிரியே இருக்கும். பொக வெள்ளையா வர்ற வரைக்கும் அழுவும், நீலமாயிருச்சுன்னா அடங்கிரும். என்ன கேட்டாலும் மூட்டத்தத் தொறக்க மட்டும் சொல்லிராதீக. ஒரு கை அகலம் தொறந்தாப் போதும், காத்துப் பூந்து மொத்தமும் எரிஞ்சு போயிரும்."

எந்தப் பக்கமிருந்து கை வைக்க என்று கடைசியாகக் கேட்டான். வீடு ஒட்டிய காடென்றால் வீட்டுப் பக்கம்தான் முதலில் வெட்டுவது அவர்கள் வழக்கம். அரிவாள் சத்தத்துக்கு முன்னாலேயே உள்ளே இருக்கிறதெல்லாம் விலகிக்கொண்டே போகும். அப்படியே ரோட்டைத் தாண்டிப் போய்விடும். வெட்டுக்கு முந்தின சாயங்காலம் ஓரத்தில் சாம்பிராணி போட்டு, வெட்டப்போகிறோம், போய்விடுங்கள் என்று சொல்லவும் செய்வார்கள்.

பொன்னுத்தங்கம் மகளை நினைத்தாள். குளிக்க, ஒதுங்க எல்லாவற்றுக்கும் பின்பக்கம்தான். அந்த மரங்கள்தான் மறைப்பு. கண்டவன் கண்ணும் பச்சைப் பிள்ளைமேல் படும். ரோட்டுப் பக்கமிருந்து வாங்க, வீட்டுப் பக்கம் கடைசியாக இருக்கட்டும் என்றாள்.

கருப்பணன் தலையைச் சொறிந்தான். "அப்ப உள்ள இருக்கிறதெல்லாம் வீட்டப் பாத்துல்ல வரும்."

"என்ன இருக்கப் போகுது அண்ணே, நாலு எலியும் ரெண்டு பாம்பும்."

கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கே பட்டது.

முயலுக்குப் பிறகு தினமும் வந்தன. அரிசி மூட்டைக்கு அடியில் தேள். அடுப்படிச் சுவரோரமாக, ஒன்றன்பின் ஒன்றாக, குட்டியை வாயில் கவ்விய கீரிகள். மண்ணுளிப் பாம்பு. மரவட்டைகள் பின்வாசல் நிலையில் கறுப்புக் கோடாக ஏறி, நடுவீட்டைக் கடந்து, முன்வாசலில் இறங்கின. வந்தது எதுவும் வீட்டில் தங்கவில்லை. கடிக்கவுமில்லை. மிதித்தாலும் நின்று பார்க்காமல், பின்பக்கம் நுழைந்து முன்பக்கம் வெளியேறிக்கொண்டே இருந்தன. தூரத்தில் அரிவாள் மரத்தில் பாய்கிற சத்தம், முறிகிற சத்தம், பிறகு முள்ளெல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சரிகிற நீண்ட சீறல். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டத்தில்.

பிள்ளையைக் குளிப்பாட்ட ஊருக்குள்ளிருந்து முத்துமாரியம்மாள் தினமும் வந்துகொண்டிருந்தாள். நீட்டிய காலில் பிள்ளையைக் கிடத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவள் கணுக்காலை உரசிக்கொண்டு ஒரு சாரைப்பாம்பு நிதானமாகப் போனது. சோப்பு நுரையோடு பிள்ளையைப் பொன்னுத்தங்கத்தின் மடியில் போட்டுவிட்டுப் போனவள்தான். ஆள்விட்டுக் கூப்பிட்டும் வரவில்லை. வெட்டு முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள்.

நனைந்த பிள்ளை வீறிட்டது. அதன் அழுகையில் ஒரு தனி வாகு உண்டு. மூச்சு தீர்கிறவரை நீளமாக அழுது, முடிகிற இடத்தில் ஒரு விக்கல். பொன்னுத்தங்கத்துக்கு அந்த விக்கல் உயிர். இருக்கன்குடி மாரிக்கு இதன் முடியைத்தான் நேர்ந்திருந்தாள்.

பாதிக் காடு போனபிறகு ஒரு மத்தியானம், கருப்பணன் ஒரு கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தொடை கனம். நடுவில் பட்டை வீங்கியிருந்தது. அந்த வீக்கத்துக்குள்ளிருந்து ஒரு துணி நாக்கு மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நைலக்ஸ் சேலை. ரோஸ் கலர் என்று இன்னமும் தெரிந்தது. ஓரம் கருகி, உருகிக் கெட்டியாகியிருந்தது.

"யாரோ தூளி கட்டியிருக்காக. மரம் முழுங்கிப் போட்டிருக்கு," என்று சிரித்தான். "நம்ம புள்ளைக்குக் கட்டிக்கிடுறீகளா?"

அதை மூட்டத்தில் போடச் சொன்னாள் பொன்னுத்தங்கம். இப்போதே. தன் கண்ணெதிரில்.

ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் புதிதாக அடுக்கிக்கொண்டிருந்த மூட்டத்தின் மையத்தில் அந்தக் கிளை போனது. மேலே மரம் ஏறியது. தழை ஏறியது. பெண்கள் ஈரமண்ணை அள்ளி அள்ளி அறைந்தார்கள். பெரிய வயிறு போல அது உருண்டு எழும்பியது. அவள் அங்கிருந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தூளி கட்டிய வருசம் சொர்ணம் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். தீபாவளி சீசன். ஒரு பட்டாசுக் கம்பெனி ஏஜெண்டு வந்து அய்யாதுரையிடம் பேசி, காட்டுக்குள் நிழலான இடமாகக் கேட்டான். லைசென்ஸெல்லாம் கிடையாது. பெண்கள் மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து மருந்து அடைத்தார்கள். கட்டி முடித்த சரமெல்லாம் மூட்டை மூட்டையாக இந்த வீட்டு அடுப்படியிலும் கட்டிலுக்கு அடியிலும் அடைந்து கிடந்தது. முருகம்மாள் கைப்பிள்ளைக்காரி. கிளையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வேலை பார்ப்பாள். அலுமினியத் தூள் அப்பி வெள்ளியாக மின்னுகிற கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பால் கொடுப்பாள்.

ஒருநாள் வெடிச்சத்தம் கேட்டுப் பின்வாசலுக்கு வந்த பொன்னுத்தங்கம், முள்ளையெல்லாம் கிழித்துக்கொண்டு ஒன்று வருவதைப் பார்த்தாள். சேலை உடம்போடு ஒட்டி எரிந்துகொண்டிருந்தது. தலையில் முடியில்லை. இரண்டு கையும் முன்னால் நீட்டியிருந்தன. கைமேல் பிள்ளை. அதன் துணியில் புகை.

"அக்கா, புள்ளைய மட்டும் வாங்கிக்கோங்க."

தண்ணீர் கேட்கவில்லை. தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. பொன்னுத்தங்கத்தின் முதுகுக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகச் சரம். கட்டிலில் காய்ச்சலோடு சொர்ணம். ஒரு பொறி போதும். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கையில் பிள்ளை இருந்ததால் முருகம்மாள் கதவை நெற்றியால் முட்டினாள். மெத்து மெத்தென்று. அது நிற்க வெகு நேரம் ஆயிற்று.

போலீசுக்குத் தகவல் போவதற்குள் ஏஜெண்டு காயம்பட்டவர்களை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டான். பொழுது சாய அய்யாதுரையும் அவனும் மண்வெட்டியோடு காட்டுக்குள் போனார்கள். திரும்பி வந்த அய்யாதுரை நெடுநேரம் கை கழுவினார். முருகம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் பஸ்ஸேறிவிட்டாள் என்று அவள் புருசனுக்குச் சொல்லப்பட்டது. ஊரும் அதைத்தான் பேசியது. எந்த இடம் என்று பொன்னுத்தங்கம் கேட்கவில்லை.

மூட்டத்துக்குத் தீ வைத்த மறுநாளே அது அழ ஆரம்பித்தது. கருப்பணன் சொன்னது சரிதான். கைப்பிள்ளை அழுத மாதிரியே இருந்தது. சொர்ணம்கூடத் திடுக்கிட்டுத் தூளியைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை அழவில்லை. கண்ணை அகல விழித்துக்கொண்டு, தலையைச் சுவர்ப் பக்கம் சாய்த்து, உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மூட்டம் ஓய்ந்தபோது பிள்ளை அழுதது. பிள்ளை ஓய்ந்ததும் மூட்டம் அழுதது. இரண்டும் ஒரே நேரத்தில் அழவே இல்லை.

பிறகு பிராணிகள் வருவது நின்றது. மரவட்டை இல்லை, எலி இல்லை. சீனி டப்பாவில் எறும்புகூட இல்லை. தண்ணீர் வாங்க வந்த கருப்பணனிடம் அதைச் சொன்னபோது, உள்ளே இருந்ததெல்லாம் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று அவன் சமாதானம் சொன்னான். வீட்டை ஒட்டி ஒரு கீற்று மரம்தான் மிச்சம். அந்தப் பக்கம் வெட்டிப்போட்ட வெளியின் வெயில் மரங்களுக்கு ஊடே தெரிந்தது.

அந்த வெயிலுக்கு எதிரே, மரங்களுக்கு நடுவில், கறுப்பாக ஒரு கட்டை நின்றது.

ஆளுயரம் வரைக்கும் போய் மொட்டையாக முடிந்திருந்தது. இலை கிடையாது. முன்பக்கமாக இரண்டு கிளை நீண்டிருந்தன, எதையோ ஏந்திக்கொள்வது மாதிரி. அதன்மேல் ஒன்றுமில்லை. இத்தனை வருசமாகத் தினமும் ஒதுங்கப் போகிற இடம்; அப்படியொரு கட்டையை அவள் பார்த்ததே இல்லை. கருப்பணனைக் கூப்பிட்டு, முதலில் அதை வெட்டச் சொன்னாள். அவன் எந்தக் கட்டை என்று கேட்டான். கை நீட்டிக் காட்டினாள். நெற்றியில் கைவைத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, அங்கன ஒண்ணும் இல்லையே தாயீ என்றான்.

சாயங்காலம் அது துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றது.

கதவைச் சாத்தினாள். நனைந்த சாக்கின் வாடை மாதிரி, வெடிமருந்து வாடை வீட்டுக்குள் வந்திருந்தது. கூடவே முடி கருகுகிற வாடை. சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். வசம்பைக் கருக்கிப் பிள்ளையின் நெற்றியில் பூசினாள். மகளிடம் எக்காரணம் கொண்டும் பின்வாசலைத் திறக்கக்கூடாது என்றாள். சொர்ணம் தலையை ஆட்டினாள். பிள்ளையை மார்பில் அணைத்துக்கொண்டு, முத்துமாரி அக்கா ஏன் வெளியிலேயே நிற்கிறாள் என்று மட்டும் கேட்டாள்.

"யாரு?"

"பின்னாடிதான் நிக்கிறாக. சன்னல் வழியாப் பாத்தேன். தலையில முக்காடு போட்டுக்கிட்டு. குளிப்பாட்ட வந்திருப்பாக போல."

பொன்னுத்தங்கம் சன்னலை ஓங்கிச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் பின்கதவில், மெத்தென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஆடு முட்டுகிறது என்று மகளுக்குச் சொன்னாள். அந்தத் தெருவில் யாரும் ஆடு வளர்க்கவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக மருமகனுக்குப் போன் போட்டாள். பிரஸ்ஸில் மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, லோடு அனுப்பிவிட்டு மத்தியானம் வண்டியோடு வந்து இருவரையும் அழைத்துப் போகிறேன் என்றான் அவன். மத்தியானம்வரை. அதுவரைக்கும் அந்தக் கீற்று மரம் நின்றால் போதும். மரம் நிற்கிறவரைக்கும் அந்தக் கட்டைக்கு வெளியே நிற்க ஒரு இடம் இருக்கும்.

அரிவாள் சத்தம் கேட்டது.

மகளை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெறுங்காலோடு ஓடினாள். முள் ஏறியது. தெரியவில்லை. காற்று திரும்பி, மூட்டத்துப் புகை மொத்தமும் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. பகல் பொழுது அந்திபோல் மங்கிப்போயிருந்தது. கருப்பணன் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு வேண்டாம், இந்த நாலு மரம் கிடக்கட்டும் என்று கெஞ்சினாள். லாரி வந்து நிற்கிறது, அடுத்த ஊரில் வேலை காத்திருக்கிறது என்றான் அவன். அந்தப் பக்கத்தில் ஒருத்தன், பேரனுக்குத் தொட்டில் செய்ய மரம் வேணுமாம் என்றான். பெண்கள் சிரித்தார்கள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மரங்கள் விழுந்தன.

கடைசி மரம் சாய்ந்தது.

வெட்டவெளி. ரோட்டிலிருந்து வீடுவரைக்கும் ஒரு குச்சி இல்லை. துணி துவைக்கிற கல் தெரிந்தது. படிக்கல் தெரிந்தது. கட்டை இல்லை.

எங்கேயும் இல்லை.

ஓடினாள். பின்வாசல் சாத்தியிருந்தது. கதவின் நடுவில், நெற்றி உயரத்தில், வட்டமாகக் கரி. ஒன்றன்மேல் ஒன்றாக. தட்டினாள். "சொர்ணம். கதவத் தொற."

"இருங்கம்மா. பால் குடுத்துக்கிட்டிருக்கேன்."

குரல் நிதானமாக இருந்தது. தூக்கக் கலக்கம் மாதிரி.

"யாரும் வந்தாகளா?"

"முத்துமாரி அக்கா வந்தாக. நீங்கதான் அனுப்புனதாச் சொன்னாக. குளிப்பாட்டக் கையை நீட்டிக்கிட்டே நின்னாக, பாவம். புள்ளையக் குடுத்தேன். இப்பத்தான் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாக. நல்ல பசி போல. விடவே மாட்டேங்குதும்மா."

சன்னல் பலகையில் ஒரு விரிசல் உண்டு. பொன்னுத்தங்கம் கண்ணை வைத்துப் பார்த்தாள். சொர்ணம் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சேலை விலகிய மார்பு முழுக்கக் கரி. கழுத்திலும் கரி. கன்னத்தில், முத்தம் கொடுத்த இடத்தில், கரி. மடியில் துணிக்குள் இருந்தது முழுவதும் தெரியவில்லை. விறைத்து மடங்கிய ஒரு சின்னக் கை தெரிந்தது. சுள்ளி மாதிரி. அது மெல்ல மெல்ல மார்பைப் பிசைந்துகொண்டிருந்தது. சொர்ணம் அதன் தலையைத் தடவிக்கொண்டே முனகிப் பாடினாள். தடவிய இடத்தில் பொரு பொருவென்று உதிர்ந்தது.

முதுகுக்குப் பின்னால் மூட்டம் அழுதது.

நீளமாக. மூச்சு தீர்கிறவரை.

முடிகிற இடத்தில், ஒரு விக்கல்.

எப்படிப் போனாள் என்று தெரியவில்லை. மூட்டத்தின் மண்ணில் அவள் கை இருந்தது. சூட்டில் உள்ளங்கைத் தோல் மண்ணோடு போனது. தோண்டினாள். தொறங்க, என் பிள்ளை, தொறங்க. கருப்பணன் இடுப்பில் பிடித்து இழுத்தான். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"தொறந்தா எரிஞ்சு போயிரும் தாயீ. பச்ச வெறகு. அப்படித்தான் அழுவும். அன்னைக்கே சொன்னேன்ல?"

இன்னொருத்தி குழைத்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வந்தாள். பொன்னுத்தங்கம் பிய்த்த இடத்தில் அறைந்தாள். தட்டித் தட்டி, தண்ணீர் தொட்டு, வழவழவென்று மெழுகினாள். உள்ளே அழுகை. விக்கல். அழுகை. வீட்டிலிருந்து சொர்ணத்தின் பாட்டு வந்தது, இப்போது வெட்டவெளியாகிவிட்டதால் தெளிவாக.

விக்கல்.

கருப்பணன் அவளைப் பிடித்த பிடியைத் தளர்த்தி, தாடையால் மேலே காட்டினான். மூட்டத்தின் உச்சியில் புகை மெலிந்து, நேராக, நீலமாக எழும்பிக்கொண்டிருந்தது.